உடையவன் இல்லாப் பொருள்

2025ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள், வைசாகப் பௌர்ணமியன்று, புதுதில்லி கோல் மார்க்கெட்டில் நம் மகள் குடியிருக்கும் அரசாங்கக் குடியிருப்பின் முன்னறையில் வழக்கம்போல் தமிழன்பர் சிலர் கூடியிருந்தனர். காலையில் மந்திர் மார்க் வீதியிலுள்ள புத்த விகாரையில் மலரிட்டு வணங்குவதும், மாலையில் வீட்டில் கூடிப் பஞ்சசீலம் எடுத்துக்கொள்வதும், ஏதேனும் ஒரு பொருள்பற்றி நாம் சிறிது நேரம் பேசுவதும், பின்னர்ச் சுண்டல் உண்டு கலைவதும் இங்குள்ள வழக்கமாகும். அன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் பிப்ரவா மணிகள்.

அன்பர்கள் அறிவர். 1898ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், இன்றைய உத்தரப் பிரதேசத்தின் சித்தார்த்த நகர் மாவட்டத்திலுள்ள பிப்ரவா என்னும் ஊரில், பெப்பே என்ற ஆங்கில நிலக்கிழார் ஒருவர் ஒரு பழைய ஸ்தூபியைத் தோண்டினார். உள்ளே பெரிய கற்பேழை, அதனுள் சிமிழ்கள், சிமிழ்களில் எலும்புத் துண்டுகளும், அவற்றோடு வைத்துப் புதைத்த நூற்றுக்கணக்கான மணிகளும் பொன்மலர்களும் இருந்தன. சாக்கிய குலத்தார் தம் குலத்துதித்த பகவன் புத்தருக்கு எடுத்த ஸ்தூபி அஃது என்பது சிமிழொன்றில் பொறித்த எழுத்தால் தெரியவந்தது. அஸ்தி சயாம் மன்னருக்கு அனுப்பப்பட்டது. மணிகளில் பெரும்பகுதி கல்கத்தா அருங்காட்சியகம் சென்றது. ஒரு பகுதி மட்டும் தோண்டியவர் குடும்பத்திலேயே தங்கிற்று. அந்தப் பகுதிதான் 2025 மே 7ஆம் நாள் ஹாங்காங்கில் ஏலத்திற்கு வர இருந்தது. இந்திய அரசு அறிவிப்பு அனுப்பவே ஏலம் நின்றது; ஜூலைத் திங்கள் இறுதியில் மணிகள் தாயகம் வந்து சேர்ந்தன. நாம் பேசியபொழுதோ ஏலம் நின்று ஐந்து நாட்களே ஆகியிருந்தன. உள்ளம் கொதித்துக்கொண்டிருந்தது. அருகரின் அஸ்தியோடு அடக்கம் செய்த பொருளைத் தோண்டி எடுப்பதும், எடுத்ததைப் பேழையில் பூட்டி வைப்பதும், பூட்டியதை விலை கூறுவதும் எந்தத் தம்மத்தில் அடங்கும் என்று முக்கால் மணி நேரம் முழங்கினோம். அன்பர்கள் கைதட்டினார்கள்.

கைதட்டல் அடங்கியபின் நம் பேர்த்தி, எட்டு வயதுக் குழந்தை, எழுந்து நின்று கேட்டாள்: "தாத்தா, அப்படியானால் நம் வீட்டுக் கல்லை எப்போது திருப்பிக் கொடுப்போம்?"

அறையிலிருந்த அனைவரும் அவள் விரல் காட்டிய திசையை நோக்கினர். அங்கே அலமாரித் தட்டில் பகவன் உருவத்தின் பக்கத்தில் ஓர் உள்ளங்கையளவான தட்டைக்கல் இருந்தது. அதன்மேல் திபெத்திய எழுத்தில் ஆறு அட்சரங்கள் செதுக்கப்பட்டிருந்தன. நாம் ஒன்றும் பேசவில்லை. நம் துணைவியார் சுண்டல் எடுத்து வர உள்ளே சென்றுவிட்டார்.

அந்தக் கல் வந்த வரலாற்றைக் கூறவேண்டும். 2024ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் நம் மாப்பிள்ளைக்கு அரசாங்க விடுப்புப் பயணச் சலுகை கிடைத்தது. காஷ்மீரம் வழியாக லடாக் சென்று வரலாம் என்றார். மாப்பிள்ளை, மகள், பேர்த்தி, நாம், துணைவியார் என ஐவர் புறப்பட்டோம். கோவையில் ஒரு நூற்பாலையில் பதினெட்டு ஆண்டுகள் இயந்திரத்தின் முன் நின்று, ஆலை மூடிய பின் தம்மம் படிக்கவும் பேசவும் தொடங்கிய நமக்கு, பௌத்தம் இன்னும் மூச்சோடு வாழும் மலைநாட்டைக் காண்பதென்பது வாழ்நாள் விருப்பம். துணைவியாருக்கோ அதனினும் மிகுதி.

ஸ்ரீநகரில் இறங்கிய மறுநாள் ஹார்வான் சென்றோம். ஷாலிமார் தோட்டத்திற்கு அப்பால் மலைச்சரிவில் படிப்படியாக அமைந்த பழைய விகாரையின் அடித்தளங்கள் அவை. கி.பி. நான்கு, ஐந்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்பர். 1920களில் ராம் சந்திர காக் என்பார் அகழ்ந்தபொழுது, கோயில் முற்றம் முழுவதும் அச்சுப் பதித்த சுடுமண் ஓடுகளால் பாவப்பட்டிருந்தது. உடல் வற்றிய தவசிகள், வாத்துகள், மலர்கள் ஆகியவை அவ்வோடுகளிலுள்ள உருவங்கள். ஓடுகளில் கரோஷ்டி எண்களும் உண்டு. எந்த ஓடு எந்த இடத்தில் பதியவேண்டும் என்பதற்காக அக்காலத் தொழிலாளி இட்ட குறி அது. தொழிலாளியாக இருந்தவர்க்கே அந்தக் குறியின் அருமை நன்கு விளங்கும்! இப்பொழுது அவ்வோடுகளில் பல உலக நாடுகளின் அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் உள்ளன. எண் இருக்கிறது, எண்ணுக்குரிய இடத்தில் ஓடு இல்லை.

பரிகாசபுரத்தையும் அன்றே கண்டோம். எட்டாம் நூற்றாண்டில் லலிதாதித்தன் எடுத்த தலைநகர் அது. அவனுடைய அமைச்சர் சங்குணர் கட்டிய ஸ்தூபியின் பெரும்பீடம் இன்னும் மேட்டில் நிற்கிறது. அடுத்த நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட சங்கரவர்மன், தன் பெயரில் ஒரு புதிய நகர் எழுப்பவேண்டி இந்நகரின் கற்களைப் பெயர்த்துச் சென்றதாகக் கல்ஹணர் இராஜதரங்கிணியில் எழுதியுள்ளார். ஆள் இல்லாத நகரின் கல்லுக்கு உடையவன் ஏது என்று அம்மன்னன் எண்ணியிருக்கலாம். அவன் எழுப்பிய நகரின் கோயில்களும் இன்று இடிபாடுகளே.

பின்னர் மலைப்பாதை. ஜோஜி கணவாயைக் கடந்ததும் மரங்கள் மறைந்தன, பசுமை மறைந்தது, மண்ணும் கல்லும் வானமுமே எஞ்சின. கார்கிலில் இரவு தங்கி, மறுநாள் முல்பேக்கில் சாலையோரப் பாறையில் செதுக்கிய மைத்திரேயரை வணங்கினோம். ஏறத்தாழ 9 மீட்டர் உயரம். நிற்கும் கோலம். இவரை இங்கே நிறுத்தியவர் யாவரோ, அவர் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. அதற்கப்பால் போட்டு கணவாய், 4,108 மீட்டர். அச்சாலையில் அதுவே உச்சி. கடல்மட்டத்தில் உள்ள காற்றழுத்தத்தில் ஐந்தில் மூன்று பங்குதான் அங்கு உண்டு. நான்கடி நடந்தால் மார்பு அடைக்கும். பஞ்சுத்தூசி நிறைந்த ஆலைக்காற்றை ஆண்டுக்கணக்கில் உண்ட நம் நுரையீரல் அங்கே தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டது. பேர்த்திக்குத் தலைவலி கண்டது.

லாமாயூரு மடத்தைக் கண்டு இறங்கி வரும் வழியில், ஒரு சிற்றூரின் எல்லையில் குழந்தை வாந்தி எடுக்கவே வண்டி நின்றது. அங்கே ஒரு மணிச்சுவர் இருந்தது. நம் நாட்டார் பலர் இதனைக் கண்டிலர். மார்பளவு உயரத்தில் சுண்ணமின்றி அடுக்கிய நீண்ட கற்சுவர் அது. அதன் தலைப்பில் ஆயிரமாயிரம் தட்டைக்கற்கள். ஒவ்வொன்றிலும் மந்திர எழுத்து. இறந்த தாய்க்காகவோ, பிழைத்த பிள்ளைக்காகவோ, செல்லும் வழிக்காகவோ, ஒருவர் செதுக்கியோ கூலி கொடுத்துச் செதுக்குவித்தோ வைத்துச் செல்வர். அவர்கள் மரபு வேறு, நாம் கற்ற மரபு வேறாயினும், கல்லில் இருந்த சிரத்தை நமக்கும் விளங்கிற்று. சுவரை வலப்புறம் வைத்தே நடப்பது அந்நாட்டு முறை. நம் வண்டியோட்டி கார்கிலைச் சேர்ந்த இசுலாமியர். குழந்தைக்குத் தண்ணீர் கொண்டுவர ஊருக்குள் சென்ற அவரும், குறுக்கு வழி இருந்தும், சுவரைச் சுற்றிக்கொண்டு வலப்புறமாகவே சென்றார்.

அவ்வேளையில் நம் துணைவியார் குனிந்து, சுவரின் அடியில் விழுந்து கிடந்த கற்களில் ஒன்றை எடுத்துத் தம் கைப்பையில் இட்டார். நாம் கண்டோம். கண்டவுடன் எதிர்ப்புறத்து மலையைப் பார்க்கத் தொடங்கினோம். இக்கட்டுரையில் யாம் எழுத நாணும் வரி இதுவே.

அன்று மாலை பாஸ்கோ வந்தோம். ஒரு காலத்தில் லடாக் மன்னர்களின் கோட்டை. பச்சை மண்கட்டியால் எழுப்பிய மதில்கள் குன்றின் முகட்டிலிருந்து உருகி வழிவதுபோல் நிற்கின்றன. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மங்கோலிய, திபெத்தியப் படை இக்கோட்டையை மூன்றாண்டு முற்றுகையிட்டும் உள்ளே புக இயலவில்லை என்பது வரலாறு. நடுவே மைத்திரேயர் கோயில்கள் உள்ளன. அவை சரியத் தொடங்கியபொழுது ஊரார் தாமே ஒரு குழு அமைத்து, வல்லுநர் துணையோடு பழுது பார்த்தனர். 2007இல் அப்பணிக்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்புப் பரிசுகளில் முதன்மையானது கிடைத்தது. அங்கே பேர்த்தி மதிலிலிருந்து உதிர்ந்த மண்கட்டி ஒன்றை எடுத்தாள். "போடு அதை! கொடாததை எடுக்கலாகாது" என்று நாம் அதட்டினோம். அவள் போட்டுவிட்டாள். துணைவியாரின் கைப்பை அப்பொழுது நம் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

இனி விஷயத்திற்கு வருவோம். இரண்டாம் சீலம் "திருடாதே" என்று மட்டும் கூறவில்லை. அதின்னாதானம், அதாவது கொடுக்கப்படாததை எடுத்தல், அதினின்று விலகுகிறேன் என்பதே அதன் பொருள். கொடுப்பவர் இருந்தால் அன்றோ கொடுத்ததும் கொடாததும் தெரியும்? சுவரின் அடியில் விழுந்து கிடந்த கல்லுக்குக் கொடுப்பவர் யார்? செதுக்கியவர் எந்நூற்றாண்டில் மாண்டாரோ! கள்ளம் நிகழ்வதற்கு ஐந்து அங்கம் வேண்டும் என்று பெரியோர் வகுத்துள்ளனர்: பொருள் பிறருடையதாதல், பிறருடையது என்று அறிதல், திருடும் எண்ணம், முயற்சி, பெயர்த்தெடுத்தல். முதல் அங்கமே இல்லையெனில் மற்றவை எங்ஙனம் நிற்கும்?

இந்த வாதம் நமக்குப் புதிதன்று. ஆலையில் நம்மோடு வேலை செய்த ஒருவர், பிறந்த குழந்தைக்குத் தலையணை தைக்கவென்று இரண்டு கைப்பிடி கழிவுப் பஞ்சைத் தூக்குச்சட்டியில் வைத்துக்கொண்டு ஷிப்டு முடிந்து வெளியேறும்பொழுது வாயிற்காவலரிடம் பிடிபட்டார். விசாரணையில் அவர் பக்கம் பேச நாம் நின்றோம். "தரையில் கூட்டித் தள்ளிய குப்பைக்கு உடையவன் ஏது?" என்று கேட்டோம். அக்கேள்வியைக் கேட்ட பெருமை நமக்குப் பல ஆண்டு இருந்தது. மேலாளர் சொன்ன விடை: "கழிவையும் மூட்டை கட்டி எடை போட்டு விற்கிறோம்." அவருக்கு வேலை போயிற்று. இரண்டு கைப்பிடிப் பஞ்சுக்கு ஒரு குடும்பத்தின் சோற்றைப் பறித்தது, எடுத்தவர் செய்த பிழையினும் நூறு மடங்கு பெரிய பிழை என்றே இன்றும் கருதுகிறோம். ஆயினும் நம் வாதம் பொய்வாதம். பஞ்சுக்கு உடையவர் உண்டென்பது நமக்கு அன்றே தெரியும். இரக்கத்தைக் கேட்கவேண்டிய இடத்தில் நாம் தந்திரத்தைப் பேசினோம்.

வாதத்திற்கு வேறொரு துணையும் உண்டு. பகவன் தம் பிக்குகளுக்குப் பாம்சுகூலச் சீவரத்தை அனுமதித்தார் அன்றோ? குப்பைமேட்டிலும் சுடுகாட்டிலும் எறிந்த கந்தையை எடுத்துத் தைத்து உடுத்துவது தவத்தின் சிறப்பாகவே போற்றப்பட்டது. யாரும் கையில் எடுத்துக் கொடுத்ததன்று அது; ஆயினும் குற்றமன்று. விட்டெறிந்தது விட்டெறிந்ததே. அங்ஙனமாயின் மலையில் விழுந்து கிடக்கும் கல்லும் பாம்சுகூலம் ஆகாதோ?

இதே கேள்வியோடு வைசாக இரவு உறக்கமின்றிக் கிடந்தபொழுது, விநயத்தில் வரும் ஒரு வரலாறு நினைவுக்கு வந்தது. ஒரு பிக்கு சுடுகாட்டில் கிடந்த பிணத்தின்மேல் இருந்த துணியைப் பாம்சுகூலமாக எடுத்தார். பிணம் இன்னும் அழுகவில்லை. அவ்வுடலில் பற்று நீங்காமல் தங்கியிருந்த ஆவி தன் துணியை எடுக்க வேண்டாமென்று கேட்டது. பிக்கு கேளாமல் நடந்தார். பிணம் எழுந்து பின்தொடர்ந்தது. அவர் விகாரைக்குள் புகுந்து கதவை அடைக்க, அது வாயிலில் வீழ்ந்தது. பகவனிடம் செய்தி சென்றபொழுது, பெருங்குற்றம் இல்லை என்றே அருளினார். ஆயினும் உருக்குலையாத உடலிலிருந்து துணியை எடுக்கலாகாது, எடுத்தால் சிறுகுற்றம் என்று விதித்தார்.

ஆவி உண்டோ, பிணம் நடக்குமோ என்று பகுத்தறிவாளர் கேட்கலாம். அதனை விட்டுவிடுவோம். நமக்கு வேண்டியது விதியின் கருத்து. இறந்ததும் துறந்ததும் ஒன்றல்ல. உயிர் போயிற்று, பற்று போகவில்லை. கந்தையை எறிந்தவன் திரும்பிப் பாராமல் போகிறான். மணிக்கல்லை வைத்தவரோ எறிந்து போகவில்லை, வைத்துப் போனார். அவர் மாண்ட பிறகும் அவ்வூரார் ஆண்டுதோறும் அதே சுவரில் புதுக்கல் வைக்கின்றனர். வேற்றுச் சமயத்து வண்டியோட்டியும் அதனைச் சுற்றி நடக்கிறார். உருக்குலையாத உடல் அது. பாஸ்கோவின் மண்மதிலும் அங்ஙனமே. உருகி வழிந்தாலும் அதற்காக மண் சுமக்கும் ஊர் ஒன்று கீழே உண்டு. அதற்கு மாறாகக் கழிவுப் பஞ்சை ஆலை விற்றதே ஒழியப் பற்று வைக்கவில்லை. உடைமை ஒன்று, பற்று வேறொன்று. சீலம் இரண்டையும் நோக்குகிறது எனத் தோன்றுகிறது.

மறுநாள் மாப்பிள்ளை ஒரு தடை எழுப்பினார்: "மாமா, அமராவதிக் கற்களை நினைத்துப் பாருங்கள். ஜமீன்தார் கட்டடத்திற்கு எடுத்ததும், சுண்ணாம்புக்குச் சுட்டதும் போக எஞ்சியவை எழும்பூருக்கும் லண்டனுக்கும் போனதால்தானே இன்று நாம் பார்க்கிறோம்?" உண்மைதான். தீப்பற்றிய வீட்டிலிருந்து பெட்டியைத் தூக்கி வருபவனைத் திருடன் என்று யாரும் கூறார். ஆனால் அந்த மணிச்சுவரில் தீப்பற்றியிருந்ததா? இல்லை. அடுப்பு எரிந்துகொண்டிருந்த வீடு அது.

துணைவியார் சொன்னதுதான் நம்மை வருத்திற்று. "நாகப்பட்டினத்தில் ஒரு கோபுரம் இருந்ததாம், அதையும் இடித்துவிட்டார்களாம் என்று நீங்கள்தானே கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறீர்கள்? நமக்கென்று ஒரு கல்லாவது இருக்கட்டுமே என்று எடுத்தேன். வைத்தவர் இருந்தால் மகிழ்ந்திருப்பார்." நாகையில் கடலோடிகளுக்கு அடையாளமாய் நின்ற செங்கற் கோபுரம் 1867இல் அரசு அனுமதியோடு தரைமட்டமாக்கப்பட்டது. அங்கே மண்ணிலிருந்து வெளிப்பட்ட முந்நூறுக்கு மேற்பட்ட செப்புப் படிமங்கள் பல ஊர் அருங்காட்சியகங்களுக்குச் சிதறின. இதை நாம் பேசிப் பேசி, கேட்டவர் நெஞ்சில் ஒரு பசியை வளர்த்துவிட்டோம். இழந்தவனுக்கு எடுக்க உரிமை உண்டு என்ற எண்ணம் எவ்வளவு எளிதில் முளைக்கிறது! நம்முடையதை எடுத்தவர் வேறு, நாம் எடுத்தது வேறொருவரிடமிருந்து என்பதை அப்பசி மறைத்துவிடுகிறது. வைத்தவர் மகிழ்வார் என்பதற்கும் விநயத்தில் இடம் உண்டு. நண்பன் பொருளை நம்பிக்கையால் எடுக்கலாம். ஆனால் அவன் நமக்குப் பழகியவனாய், உயிரோடிருப்பவனாய், எடுத்ததை அறிந்தால் மகிழ்பவனாய் இருத்தல்வேண்டும். நாம் ஒருமுறையும் காணாத ஒருவரின் மகிழ்ச்சியை நாமே எழுதிக்கொள்ள விதி இல்லை.

ஆயினும் துணைவியாரைக் குற்றம் கூற நமக்கு வாய் இல்லை. அவர் குனிந்தபொழுது நாம் "வேண்டாம்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் கல் அங்கேயே கிடந்திருக்கும். சொல்லவில்லை. ஏனெனில் அக்கல் நமக்கும் வேண்டியிருந்தது. பழி அவருக்கு, கல் நமக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டோம். பிப்ரவா மணிகளைத் தோண்டியவராவது வெளிப்படையாகத் தோண்டினார்.

அடுத்த ஞாயிறன்று யமுனைக் கரையில் பேலா சாலையிலுள்ள லடாக் புத்த விகாரைக்குக் கல்லை எடுத்துச் சென்றோம். அங்கிருந்த முதிய பிக்கு கோபிக்கவில்லை. துணியை விரித்துக் கல்லைப் பார்த்து, தலைமேல் வைத்து எடுத்து, "எந்தச் சுவர்?" என்று இந்தியில் கேட்டார். நாம் விழித்தோம். அப்பாதையில் எத்தனையோ சுவர்களைக் கண்டோம். ஹார்வான் ஓட்டில் இருந்ததுபோல் இதில் எண் இல்லை. துணைவியார் சுவரின் அருகே மூன்று நெட்டை மரங்களும் சரிந்த ஒரு ஸ்தூபியும் இருந்தன என்றார். அங்ஙனம் உள்ள ஊர்கள் அங்கே பல என்றார் பிக்கு.

மாப்பிள்ளைக்கு ஒரு யோசனை தோன்றிற்று. வண்டியோட்டியின் தொலைபேசி எண் அவரிடம் இருந்தது. விகாரை முற்றத்திலேயே நின்று அழைத்தார். ஓராண்டு கழிந்தும் அவர் மறக்கவில்லை. குழந்தை வாந்தியெடுத்த இடந்தானே என்று கேட்டு, குழந்தை நலமா என்று விசாரித்து, ஊரின் பெயரையும், சாலையிலிருந்து சுவர் எந்தப் பக்கம் என்பதையும் சொன்னார். மாப்பிள்ளை எழுதிக்கொண்டார். கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் லடாக் மாணவர் ஒருவரிடம் அச்சீட்டோடு கல்லைச் சேர்ப்பிப்பதாகப் பிக்கு வாங்கி வைத்தார்.

ஜூன் 11ஆம் நாள் அடுத்த பௌர்ணமி. அன்பர்கள் கூடினர். நாம் பேச எழுந்து, மலையில் கண்டதையும், கண்டு திரும்பிக்கொண்டதையும், துணைவியாரின் இசைவு பெற்று, உள்ளவாறு சொன்னோம். அன்று சீலம் சொல்லிக் கொடுக்கும் இடத்தில் நாம் அமரவில்லை. கரோல்பாகிலிருந்து வரும் மூத்த அன்பர் ஒருவர் சொல்ல, நாமும் பேர்த்தியின் பக்கத்தில் தரையில் அமர்ந்து மற்றவரோடு திருப்பிச் சொன்னோம்.